நானூற்று மூன்று

நள்ளிரவு பன்னிரண்டுக்குத்தான்
மறுநாளின் டயாலிசிஸ் நேரங்களைத் திறந்துவிடுவோம்.
பதினெட்டுப் படுக்கை, மூன்று வேளை,
ஐம்பத்துநான்கு பேர்.
பரேலில் இந்த அறக்கட்டளை மருத்துவமனையின்
சர்வருக்கு நான் காவல்.
சம்பளம் கணக்குப் பிரிவில்,
நாற்காலி எக்ஸ்ரே அறைக்குப் பின்னால்.

ஜூனில் ஒரு திங்கள் இரவு
நாலாவது நொடியில்
ஐம்பத்துநான்கும் தீர்ந்துபோயின.
நாலு நொடியில் மனிதக் கை
தன் பெயரைக்கூடத் தட்டி முடிக்காது.
காலையில் கேட்டருகே ஒரு தரகன்
வேளைக்கு எண்ணூறு ரூபாய் என்று
விற்றுக்கொண்டிருந்தான்.

பதிவுகளைத் திறந்தேன்.
வரிவரியாக எண்கள்,
நான்கு துண்டு, மூன்று புள்ளி.
முகமில்லை, செருப்பில்லை, இருமலில்லை.
ஒன்றை அடைத்தேன், பக்கத்து எண்ணில் வந்தான்.
அதையும் அடைத்தேன்.
எலி வளை ஒன்றைச் சிமெண்டு பூசியபிறகுதான்
சுவரெல்லாம் வளை என்று தெரிகிறது.

புதன் இரவு ஷிண்டே சொன்னார்:
"எதற்கு ஒவ்வொன்றாக?
கடைசித் துண்டை விட்டுத் தள்ளு,
தெருவையே மூடு."
ஒரே வரி. இருநூற்று ஐம்பத்தாறு கதவு.
எண்டர் தட்டியபோது, பொய் சொல்ல மாட்டேன்,
இனித்தது.

அன்று நேரங்கள் மெல்லப் போயின.
யாரோ பெயரைத் தப்பாக அடித்து
அழித்து மறுபடி தப்பாகவே அடித்தார்கள்.
மனிதர்கள் வந்துவிட்டார்கள்.
பிளாஸ்கில் மிச்சமிருந்த சாயாவை
ஷிண்டேவுக்கும் ஊற்றினேன்.

சனிக்கிழமை மழை.
கோவண்டியிலிருந்து ஷம்சுல் அன்சாரி, தையல் வேலை.
இடக்கை நரம்பு கயிறாகப் புடைத்து
முகம் உப்பியிருந்தது.
சட்டைக்குள் நனையாமல் கொண்டுவந்த போனை நீட்டினார்.
திரையில் நான் எழுதிவைத்த வாசகம்:
403. உங்களுக்கு அனுமதி இல்லை.
மூன்று ராத்திரியாக இதையே சொல்கிறதாம்.
"என் தவறு என்னவென்று சொன்னால்
திருத்திக்கொள்வேன்" என்றார்.
இந்தியில் அது இன்னும் மரியாதையாக இருந்தது.

அவர் சந்தின் கேபிள்காரர்
முந்நூறு வீட்டுக்கும் ஒரே எண்ணைப்
பிரித்துக் கொடுக்கிறார்.
தரகன் எண் வேறு.
இவர்கள் எண்ணும் அதே தெருவில் இருந்தது,
அவ்வளவுதான்.

சிஸ்டர் சோசம்மா எதுவும் கேட்கவில்லை,
ஒன்பதாம் படுக்கையைத் துடைத்தார்.
மெஷின் சுற்றத் தொடங்கும்வரை
நான் அங்கேயே நின்றேன், வேலை எதுவும் இல்லாமல்.

தாராவி, நைன்ட்டி ஃபீட் ரோடு என்று
படிவத்தில் நான் எழுதியதுமே
பேனாவை மூடிவைத்த வங்கிக்காரர் ஒருவர் உண்டு.
பின்கோடு போதும் அவருக்கு.
அப்பாவின் சம்பளச் சீட்டைத்
திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.
அவர் முகத்தில் கோபமோ வெறுப்போ இருந்ததா என்று
வெகுநாள் தேடியிருக்கிறேன்.
இல்லை.
புதன் இரவு என் முகத்திலும் இருந்திருக்காது.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அந்த வரியை அழித்தேன்.
பதிலுக்கு வேறொன்று எழுதினேன்:
ஒரு எண்ணிலிருந்து நிமிடத்துக்கு ஆறு பேர்.
முந்நூறு வீட்டுக்கும் ஆறு,
தெற்கே கடல் பார்த்த தனி பிளாட்டுக்கும் ஆறு.
நியாயமில்லை என்று தெரியும்.
வேறு தோன்றவில்லை.

பன்னிரண்டு.
நாலாவது நொடியில் முப்பத்தொன்று போயிற்று.
அப்புறம் நின்று நின்று.
பன்னிரண்டு மூன்றுக்கு
மூடித் திறந்த அந்தத் தெருவிலிருந்து ஒரு பதிவு:
பெயர் இருமுறை தப்பாக அடிக்கப்பட்டு
இருமுறை அழிக்கப்பட்டு
மூன்றாம் முறையும் ஓர் எழுத்து குறைய.

அவர் சந்தில் யாராவதாக இருக்கலாம்.
அல்லது தரகன் இதற்குள்
தன் மெஷினுக்குப் பிழை செய்யச்
சொல்லிக்கொடுத்திருக்கலாம்.